கருந்துளையைத் தட்டிப் பார்த்தவர்கள்

சமநிலை மூன்று வகைப்படும் என்று நாங்கள் பௌதிகவியலில் படிக்கிறோம். கிண்ணத்தின் அடியில் கிடக்கும் மாபிளைச் சற்றுத் தள்ளினால் அது திரும்பி வருகிறது; அது உறுதிச் சமநிலை. கவிழ்த்து வைத்த கிண்ணத்தின் உச்சியில் இருக்கும் மாபிளைத் தொட்டாலே போதும், உருண்டு போய்விடும்; அது உறுதியில் சமநிலை. மேசையில் கிடக்கும் மாபிள் தள்ளிய இடத்திலேயே நிற்கும். அது நொதுமல் சமநிலை. பரீட்சைக்கு இவ்வளவும் போதும். ஆனால் இந்தப் பாடத்துக்குள் ஒரு பெரிய கேள்வி ஒளிந்திருக்கிறது. ஒரு பொருள் இருக்கிறது என்று கணக்கில் நிறுவினால் மட்டும் போதாது. அதைச் சற்றுத் தட்டினால் என்ன ஆகும் என்பதையும் கேட்க வேண்டும். கூரிய முனையில் நிற்கும் பென்சிலும் சமன்பாடுகளின்படி சரியான விடைதான். ஆனாலும் அப்படி நிற்கும் பென்சிலை நாங்கள் யாரும் கண்டதில்லை.

இந்தக் கேள்வியை ஒரு கருந்துளையிடம் கேட்டவர்களின் கதையைத்தான் எழுதப் போகிறேன். அவர்களில் இருவர் எங்கள் பக்கத்து நாட்டவர்கள். அந்த இருவரில் ஒருவர் தமிழர்.

1915ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஐன்ஸ்டைன் தமது பொதுச் சார்புக் கொள்கையின் சமன்பாடுகளை முடித்தார். ஈர்ப்பு என்பது ஓர் இழுவிசை அன்று, திணிவு காலவெளியை வளைப்பதன் விளைவே அது என்பதே அதன் சாரம். அந்தச் சமன்பாடுகளைத் தீர்ப்பது மிகக் கடினம். ஆனால் சில வாரங்களுக்குள்ளேயே ஒருவர் ஒரு திருத்தமான தீர்வைக் கண்டார். அவர் கார்ல் ஸ்வார்ஸ்சைல்ட். முதலாம் உலகப் போரில் ஜேர்மன் படையுடன் ரஷ்யப் போர்முனையில் இருந்தபடி அதைக் கணித்தார். 1916 மே மாதத்தில், 42 வயதில், நோயினால் இறந்தும் போனார்.

அவர் தேர்ந்தெடுத்தது கோளச் சமச்சீர் உள்ள வெளியை. அதாவது, நடுவிலிருந்து எந்தத் திசையில் பார்த்தாலும் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். அப்படிக் கொண்டால் மேல், கீழ், வடக்கு, தெற்கு என்ற வேறுபாடுகள் கணக்கிலிருந்து விழுந்துவிடும். நடுவிலிருந்து எவ்வளவு தூரம் என்பது மட்டுமே மிஞ்சும். அந்தத் தீர்வில் ஒரு விசித்திரமான எல்லை இருந்தது. சூரியனின் முழுத் திணிவையும் ஏறத்தாழ 3 கிலோமீற்றர் ஆரையுள்ள கோளத்துக்குள் சுருக்க முடிந்தால், அதற்குள்ளிருந்து ஒளியும் வெளியே வராது. இன்று அதைத்தான் கருந்துளை என்கிறோம்.

தாளில் விடை வந்துவிட்டது. ஆனால் அது கிண்ணத்தின் அடியில் கிடக்கும் மாபிளா, முனையில் நிற்கும் பென்சிலா? இயற்கையில் எதுவும் முழுமையான கோளமாக இருப்பதில்லை. ஒரு தூசி விழுந்தாலும், தூரத்து நட்சத்திரம் ஒன்று அசைந்தாலும் அந்தச் சமச்சீர் கெடும். கெட்ட சமச்சீர் மேலும் மேலும் கெட்டு அந்தப் பொருளே சிதறிவிடுமானால், கருந்துளை என்பது கணக்குப் புத்தகத்துக்குள் மட்டும் வாழும் ஒன்றாகவே இருந்துவிடும்.

இதை முதலில் முறையாகக் கேட்டவர்கள் இத்தாலியரான டுல்லியோ ரெஜ்ஜேயும் அமெரிக்கரான ஜோன் வீலரும். ஆண்டு 1957. அவர்கள் கையாண்ட வழியின் பெயர் உலைவு முறை. பெயர் பெரிதாக இருந்தாலும் உயர்தரக் கணிதப் பிரிவு மாணவிகள் எல்லோரும் இதைச் செய்திருக்கிறோம். ஊசல் கணக்கில் கோணம் சிறிது என்று சொல்லி, சைன் தீற்றாவுக்குப் பதிலாகத் தீற்றாவையே போடுகிறோம் அல்லவா? 5 பாகைக் கோணத்தில் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் ஆயிரத்தில் ஒன்றளவுதான். அந்தச் சிறு வித்தியாசத்தை விட்டுக்கொடுத்தவுடன் கடினமான கணக்கு எளிமை இசை இயக்கமாக மாறிவிடுகிறது. ரெஜ்ஜேயும் வீலரும் செய்தது இதுவேதான். ஸ்வார்ஸ்சைல்டின் வெளியுடன் மிகச் சிறிய ஓர் உலைவைச் சேர்த்தார்கள். உலைவின் வர்க்கங்கள் மிக மிகச் சிறியவை என்று புறக்கணித்தார்கள்.

அடுத்ததாக உலைவுகளை வடிவத்தின்படி பிரித்தார்கள். சுரமானியின் கம்பி ஒரு தடமாகவும் இரண்டு தடங்களாகவும் மூன்று தடங்களாகவும் அதிர்வது போல, ஒரு கோளமும் பல வடிவங்களில் அதிர முடியும். பலூனைப் போல முழுதாக ஊதிச் சுருங்குவது முதல் வகை. இதில் ஈர்ப்பலை பிறக்காது. திணிவில் ஒரு மாற்றம் மட்டுமே மிஞ்சும். இரண்டாவது வகையில் கிடைப்பது வெறும் இடப்பெயர்ச்சி அல்லது ஒரு சிறு சுழற்சி. ஒரு பக்கம் நீண்டு மறுபக்கம் ஒடுங்கி, றகர் பந்தைப் போல ஆகும் மூன்றாவது வகையில்தான் உண்மையான அதிர்வு தொடங்குகிறது. இப்படிப் பிரித்தபின் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரே ஒரு அலைச் சமன்பாடு மிஞ்சியது. ஒரு மேட்டை நோக்கி அலை வருகிறது; ஒரு பகுதி தெறித்துத் திரும்புகிறது, மறுபகுதி மேட்டைத் தாண்டிக் கருந்துளைக்குள் போகிறது. கருந்துளையின் எல்லை ஆரையைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு தூரத்தில் அந்த மேட்டின் உச்சி இருக்கிறது.

ஆனால் எல்லைக்கு மிக அருகில் என்ன நடக்கிறது என்பதை அவர்களால் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. அதற்கு ஏற்ற ஆள்கூறுகளை மார்ட்டின் குறுஸ்கால் 1960இல் வெளியிட்டார். அவற்றை எடுத்துக்கொண்டு இந்தக் கணக்கை முடித்தவர் பெங்களூரில் 1938இல் பிறந்த சி. வி. விஸ்வேஸ்வரா. அமெரிக்காவின் மேரிலண்ட் பல்கலைக்கழகத்தில் சார்ள்ஸ் மிஸ்னரின் மாணவராக இருந்தபோது இதைத் தொடங்கினார். கருந்துளை என்ற பெயர்கூட அப்போது பரவியிருக்கவில்லை.

கருந்துளை உறுதியானது என்பதற்கான நியாயத்தின் மையப் பகுதியை எங்கள் இணைந்த கணித அறிவைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். நேரத்தோடு வளர்ந்துகொண்டே போகும் உலைவு ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அது கருந்துளையின் எல்லையிலும் வெகு தூரத்திலும் பூச்சியமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தொடக்கத்திலேயே அது சிறிய உலைவு அல்ல. ஆனால் அந்தச் சமன்பாட்டின்படி, உலைவின் பெறுமானம் நேராக இருக்கும் இடமெல்லாம் அதன் இரண்டாம் வகையீட்டுக் குணகமும் நேராகவே இருக்கும். அப்படியானால் பூச்சியத்திலிருந்து மேலே ஏறத் தொடங்கிய வளையியின் படித்திறன் கூடிக்கொண்டே போகும். மீண்டும் கீழே இறங்கிப் பூச்சியத்தைத் தொடவே முடியாது. ஆகவே அப்படியோர் உலைவு இல்லை. பென்சில் அல்ல, மாபிள்தான். முதன்முறை இதை விளங்கிக்கொண்ட இரவில் எனக்கு நெடுநேரம் தூக்கம் வரவில்லை. ஒளியையே விழுங்கும் ஒன்றைப் பற்றிய உண்மையை, நான் கொப்பியில் கீறும் ஒரு வளையி சொல்லிவிட்டதே என்ற ஆச்சரியம்தான் காரணம்.

விஸ்வேஸ்வரா அத்தோடு நிற்கவில்லை. தனியே இருக்கும் கருந்துளையைக் கண்ணால் பார்க்க முடியாது. அப்படியென்றால் தட்டிப் பார்க்கலாமே என்று நினைத்தார். கணினியில் ஈர்ப்பலைகளைக் கருந்துளையின் மேல் மோதவிட்டார். அகலமான அலைகளை அனுப்பியபோது குறிப்பாக எதுவும் தெரியவில்லை. அலையை ஒடுக்கிக் கூர்மையாக்கியபோது, திரும்பி வந்த அலையில் ஒரு குறித்த மீடிறனுடைய அதிர்வு தெரிந்தது. அது விரைவாகத் தேய்ந்து மறைந்தது. தட்டியதும் மணி ஒலிப்பது போலக் கருந்துளையும் ஒலித்தது! 1970இல் 'நேச்சர்' சஞ்சிகையில் அந்தக் கட்டுரை வெளிவந்தது.

இந்த ஒலியின் சிறப்பு என்னவென்றால், எதனால் தட்டினோம், எவ்வளவு பலமாகத் தட்டினோம் என்பதில் அது தங்கியிருப்பதில்லை. சுழலாத கருந்துளையானால் அதன் சுருதியைத் திணிவு மட்டுமே தீர்மானிக்கிறது. கணக்கும் எளிது: 12,000ஐக் கருந்துளையின் திணிவு எத்தனை சூரியன்களோ அந்த எண்ணால் வகுத்தால், ஹேர்ட்ஸில் அதன் முதன்மை மீடிறன் ஏறத்தாழ வரும். பத்துச் சூரியன் திணிவென்றால் 1,200 ஹேர்ட்ஸ். காதுக்குக் கேட்கக்கூடிய வீச்சில் உள்ள மீடிறன்தான், ஆனால் அது காற்றில் வரும் ஒலி அன்று. அதோடு அது மிகக் குறுகிய நேரமே நீடிக்கும். இசைக்கவையைத் தட்டினால் நூற்றுக்கணக்கான அலைவுகள் வரை ஒலித்துக்கொண்டிருக்கும். கருந்துளையிலோ ஒவ்வொரு அலைவுக்கும் வீச்சம் காற்பங்கிலும் குறைவாகிவிடும். இரண்டு அலைவுகள் முடியும்போது இருபதில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

இங்கேதான் தமிழர் ஒருவர் வருகிறார். சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910இல் லாகூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர்; சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். 1930இல், பத்தொன்பது வயதில், கப்பலில் இங்கிலாந்து போகும் வழியில் அவர் போட்ட கணக்குத்தான் இறந்த நட்சத்திரங்களின் திணிவுக்கு ஓர் எல்லை உண்டு என்று காட்டியது. அதற்காக அவர் பட்ட பாடுகள் பலருக்குத் தெரியும். அறுபது வயதைத் தாண்டிய பிறகு அவர் கருந்துளைகளின் பக்கம் திரும்பினார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1975இல் ஸ்டீவன் டெட்வைலருடன் சேர்ந்து இந்தத் தேயும் அதிர்வுகளின் மீடிறன்களைத் திருத்தமாகக் கணித்தார். ரெஜ்ஜேயும் வீலரும் கண்ட ஒருவகை உலைவுக்கும், 1970இல் ஃபிராங்க் செரில்லி கண்ட மற்றொரு வகைக்கும் சமன்பாடுகள் வேறுவேறு. ஆனால் இரண்டின் சுருதியும் ஒன்றே என்று அவர்கள் காட்டினார்கள். 1983இல் கருந்துளைகளின் கணிதம் பற்றிய அவருடைய பெரிய நூல் வெளிவந்தது. நோபல் பரிசும் அதே ஆண்டில்தான் கிடைத்தது.

அந்த மீடிறன்கள் ஒவ்வொன்றும் ஒரு சிக்கலெண். மெய்ப்பகுதி சுருதியைச் சொல்கிறது. கற்பனைப்பகுதி எவ்வளவு விரைவில் அது தேய்கிறது என்பதைச் சொல்கிறது. "இல்லாத எண்ணை எதற்குப் படிக்கிறோம்?" என்று எங்கள் வகுப்பில் அடிக்கடி கேட்பார்கள். கருந்துளையின் ஒலி அடங்குவதை அந்த இல்லாத பகுதிதான் தீர்மானிக்கிறது என்பதே இனி என் பதில்.

சந்திரசேகரின் தாயாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சீதாலக்ஷ்மி என்பது அவர் பெயர். பல்கலைக்கழகத்துக்குப் போனவர் அல்லர். ஆனால் இப்சன் என்ற நோர்வே நாடகாசிரியரின், பொம்மை வீடு என்று நாங்கள் அறியும் நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர். வீட்டுக்குள் பொம்மையாக நடத்தப்படும் ஒரு பெண்ணைப் பற்றிய நாடகம் அது. மகன் இங்கிலாந்து போக வேண்டிய நேரத்தில் அவர் நோயுற்றிருந்தார். போகாதே என்று சொல்லவில்லை. அடுத்த ஆண்டு, 1931இல், மகன் தொலைவில் இருக்கும்போதே காலமானார். இந்த மலரைப் படிக்கும் உம்மாமாருக்காக இதை எழுதுகிறேன்.

2015 செப்டெம்பர் 14ஆம் திகதி, அமெரிக்காவில் இரண்டு இடங்களில் உள்ள லைகோ கருவிகள் முதன்முறையாக ஈர்ப்பலையைப் பதிவு செய்தன. ஏறத்தாழ 36, 29 சூரியன் திணிவுள்ள இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றாகி, 62 சூரியன் திணிவுள்ள ஒன்று பிறந்திருந்தது. மீதி 3 சூரியன் திணிவு சக்தியாக மாறி அலைகளாகப் பரவிவிட்டது. பதிவின் கடைசிப் பகுதியில், புதிதாகப் பிறந்த கருந்துளை தன் கோணலை விட்டுக்கொண்டு அடங்கும் ஒலி இருந்தது. முன்னே சொன்ன வகுத்தலைச் செய்து பாருங்கள்: 62க்கு 200 ஹேர்ட்ஸை விடச் சற்றுக் குறைவாக வரும். அந்தக் கருந்துளை வேகமாகச் சுழன்றதால் உண்மையில் 250 ஹேர்ட்ஸ் அளவில் இருந்தது. 2016 பெப்ரவரி 11இல் செய்தி அறிவிக்கப்பட்டபோது விஸ்வேஸ்வராவுக்கு 77 வயது. மாணவனாகக் கணினியில் கண்டதை உலகம் கேட்டுவிட்டது என்று அறிந்த பிறகு, 2017 ஜனவரியில் அவர் மறைந்தார். அவருடைய மகள் ஸ்மிதா விஸ்வேஸ்வரா இன்று அமெரிக்காவில் பௌதிகவியல் பேராசிரியராக இருக்கிறார்.

இவற்றையெல்லாம் வீட்டில் ஒருநாள் இராச்சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். வாப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி மகள். இதப் படிச்சு என்ன பிரயோசனம்?" என்றார். கணிதப் பிரிவு என்றால் பொறியியல் என்றுதான் எங்கள் ஊரில் எண்ணம். நான் கோட்பாட்டுப் பௌதிகவியல் படிக்க விரும்புகிறேன் என்று சொன்னதிலிருந்து இந்தக் கேள்வி வீட்டில் வந்துகொண்டுதான் இருக்கிறது.

அன்று வாப்பாவின் கைத்தொலைபேசியை எடுத்து, அதில் கொழும்புக்குப் போகும்போது அவர் பார்க்கும் வரைபடத்தைக் காட்டினேன். அந்தச் செய்மதிகளில் உள்ள மணிக்கூடுகள் பூமியிலுள்ளவற்றை விட ஒரு நாளைக்கு ஏறத்தாழ 38 மைக்குறோ செக்கன் விரைவாக ஓடுகின்றன. அந்த நேரத்தில் ஒளி 11 கிலோமீற்றர் போய்விடும். யாழ்ப்பாணத்திலிருந்து சுன்னாகம் வரையான தூரம். ஸ்வார்ஸ்சைல்டின் கோளச் சமச்சீர் வெளியை வைத்துத்தான் அந்தப் பிழையைத் திருத்துகிறார்கள். வாப்பா சிரித்தார். "அப்ப கொஞ்சம் பிரயோசனம் இருக்குத்தான்" என்றார்.

ஆனால் அது முழுப் பதில் அல்ல என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். வரைபடத்துக்காக ஸ்வார்ஸ்சைல்ட் போர்முனையில் கணக்குப் போடவில்லை. விஸ்வேஸ்வராவின் கட்டுரைக்கும் லைகோவின் பதிவுக்கும் இடையே 45 ஆண்டுகள். அந்த 45 ஆண்டுகளில் யாராவது அவரிடம் பிரயோசனம் கேட்டிருந்தால், காட்டுவதற்குக் கையில் எதுவும் இருந்திருக்காது. ஒன்று உண்மையா என்று தெரிந்துகொள்வதே வேலையாக இருக்கும் மனிதர்கள் சிலர் எந்தச் சமூகத்திலும் வேண்டும். எங்கள் சமூகத்தில் அந்தச் சிலரில் ஒருத்தி பெண்ணாக இருப்பதில் என்ன குறை என்பதே நான் வாப்பாவிடம் திருப்பிக் கேட்ட கேள்வி. அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. மறுக்கவும் இல்லை.

உம்மா வேறொன்று சொன்னார். "தட்டினாலும் திரும்பப் பழையபடி வாறதெண்டா, நாங்களும் அதுதானே புள்ள." 1990 ஒக்டோபர் இறுதியில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது உம்மாவுக்குப் பத்து வயது. சோனகத்தெருவிலிருந்து புறப்பட்டுப் புத்தளத்தில் வளர்ந்து, திருமணமாகி, போர் முடிந்த பிறகு இங்கே திரும்பியவர். அவர் ஆசையாகச் சொன்னதை நான் மறுக்க விரும்பவில்லை. ஆனாலும் அதைப் பற்றி யோசித்துக்கொண்டே இருந்தேன்.

கருந்துளை பழையபடி வருவது உண்மைதான், ஆனால் முற்றாக அதே பொருளாக அல்ல. விழுந்தது எதுவாக இருந்தாலும் அதன் திணிவு சேர்ந்திருக்கும். வடிவம் மீள்கிறது, அளவு மாறிவிடுகிறது. அந்த அளவில் உம்மா சொன்னது சரி: திரும்பி வந்தவர்கள் போனவர்கள் அல்லர். ஆனால் இன்னொரு விடயத்தில் நாங்களும் கருந்துளையும் ஒன்றல்ல. யார் தட்டினார், எங்கே தட்டினார், எப்படித் தட்டினார் என்ற எல்லாவற்றையும் அது ஒரு செக்கனில் சிறு பங்குக்குள் உதறிவிடுகிறது. பிறகு வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அதன் மேல் ஒரு தழும்பும் தெரியாது. உம்மும்மாவோ விட்டுப்போன வீட்டின் கிணற்றடி, வாசல், கறிவேப்பிலை மரம் எல்லாவற்றையும் இன்றும் வரிசையாகச் சொல்லுவார். நாங்கள் உறுதியாக இருக்கிறோம் என்றால் அது மறந்ததால் அல்ல. நினைவில் வைத்துக்கொண்டே வந்து, வீட்டைத் திருத்தி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியதால். இதற்குச் சமன்பாடு கிடையாது. இதை உம்மாவிடம் சொன்னபோது, "இதையும் எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

உலைவு முறையில் தொடங்கிய வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. வர்க்கங்களைப் புறக்கணிக்காமலே, ஸ்வார்ஸ்சைல்ட் கருந்துளை உறுதியானது என்ற நிறுவலை 2021இல் நான்கு கணிதவியலாளர்கள் வெளியிட்டார்கள். அந்தக் கட்டுரை 500 பக்கங்களைத் தாண்டுகிறது. 1957இல் கேட்ட கேள்விக்கு அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் ஆட்கள் உட்கார்ந்து விடை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

தோழிகளே, அடுத்த முறை ஆய்வுகூடத்தில் இசைக்கவையைத் தட்டும்போது உடனே அணைத்துவிடாதீர்கள். அது எத்தனை செக்கன் ஒலிக்கிறது என்று காதோரம் வைத்துக் கேளுங்கள். அதன் வீச்சம் எந்த விதத்தில் குறைகிறது என்று கொப்பியில் கீறிப் பாருங்கள். அந்த வளையிக்கும் லைகோவின் பதிவின் கடைசிப் பகுதிக்கும் வடிவத்தில் அதிக வேறுபாடில்லை. நான் இப்போது சிக்கலெண் பாடத்தின் பயிற்சிகளைச் செய்துகொண்டிருக்கிறேன். பரீட்சைக்கு இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. அதன்பிறகு விண்ணப்பப் படிவத்தில் முதலாவதாக எதை எழுதுவது என்பதை, இன்ஷா அல்லாஹ், வாப்பாவும் நானும் ஒன்றாக உட்கார்ந்துதான் முடிவு செய்வோம். என் பக்க நியாயங்கள் இவைதான்.